நொண்டாமல் நடக்க வேண்டிய தெரு

1

தினேசு, யமுனா, இன்று காலை தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நொண்டிவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

நொண்டுவது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் இந்த ஜிம்மில் மற்றவர்கள் நொண்டினால் குற்றமில்லை. போன மாதம் ரிசப்ஷன் பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கி ஒரு வாரம் தத்தித் தத்தி நடந்தாள். எல்லாரும் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான்தான் நொண்டக்கூடாது. ஏனென்றால் தண்ணீர் மெஷினுக்கு மேலே சுவரில் ஆள் உயரத்துக்கு என் படம் இருக்கிறது. ஒரு காலை மடித்து, கையில் மூட்டு மாத்திரை டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். கீழே இங்கிலீஷிலும் அரபியிலும் 'என் முட்டி புதுசாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறது.

மேனேஜர் ஜோசப் பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கத்தமாட்டார். தோளில் கை போட்டு மெதுவாகத்தான் சொல்வார்.

"ஏழுமலை, மேலே பாரு. யாரு அது?"

"நான்தான் சார்."

"கீழே நிக்கிறது?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடக்கணும், கேட்டியா? வலிச்சா பின்பக்கம் மாடிப்படியில போய் நொண்டிக்கோ. அங்க கேமராகூட இல்ல."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கு வலி மாத்திரை வாங்கித் தருகிறவரும் அவர்தான். அது படத்தில் இருக்கிற மாத்திரை இல்லை, மருந்துக்கடையில் விற்கும் சாதாரண வலி மாத்திரை. அதை விழுங்கிவிட்டுத்தான் படத்து மாத்திரைக்குச் சாட்சியாக நிற்கிறேன்.

அந்தப் படமும் அதோடு ஒரு விளம்பர வீடியோவும் எடுத்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. போனில் சொல்லலாம் என்றால், நான் ஆரம்பிப்பதற்குள் நீங்கள் 'சரிப்பா, வெச்சிடட்டா' என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் யமுனா திருத்திக்கொள்ளட்டும்.

2

உங்கள் அப்பா நான் முன்னே தறி நெய்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பார்த்த ஞாபகம் இருக்காது. இப்போது அம்மா உட்காருகிற அதே குழித்தறிதான். கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும், பாவு பிரிந்தால்தான் நடுவில் நாடா ஓடும். பட்டுச்சேலையைக் கை நெய்கிறது என்று கட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். முட்டியைக் கேட்டால் அது வேறு சொல்லும்.

நம் ஊர் முள்ளிப்பட்டை விட்டு மஸ்கட் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இன்னும் எங்கே உட்கார்ந்தாலும் என் கால் தானாக மிதிக்கும். பஸ்ஸில் மிதிக்கும், சாப்பிடும்போது மிதிக்கும். ஒரு நாள் ஜிம்மில் தரை துடைத்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கால் மிதித்துக்கொண்டிருந்தது. பயிற்சி கொடுக்கிற ராமி, லெபனான்காரன், அதைப் பார்த்துவிட்டான். என்ன இது என்று கேட்டான். ஜோசப் விளக்கிச் சொன்னார். ராமி கைதட்டி ஆட்களைக் கூப்பிட்டான். பெரிய பெரிய வேலையில் இருக்கிற பெண்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்து மிதித்தார்கள். 'இந்தியன் பெடல்' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். அடுத்த வாரம் அது பயிற்சி அட்டவணையில் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் நான் கழிவறை கழுவ வேண்டும், ஆகவே ஒரு நாளும் பார்க்கவில்லை.

இங்கே வருகிறவர்கள் ஓடும் பெல்ட்டில் ஏறி, ஓர் அடிகூட நகராமல் ஓடுகிறார்கள். ஓடி ஓடி முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு முட்டிக்கு மாத்திரை, மாத்திரை தின்றுவிட்டு மறுபடி பெல்ட். என் கண்ணுக்கு அதுவும் தறிதான், சேலை மட்டும் வருவதில்லை.

அப்போதுதான் ஜிம்முக்குள் இருக்கிற சின்னக் கடைக்கு இந்தப் புது மூட்டு மாத்திரை வந்தது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்து ராமி ஒரு டப்பாவைச் சும்மா கொடுத்தான். தின்ன ஆரம்பித்தேன். அடுத்ததாக நோன்பு மாதம் வந்தது. பகல் முழுக்க ஜிம் மூடியிருக்கும், இரவு வேலைக்கு வேறு ஆட்கள். அறையில் கால் நீட்டிப் படுத்தே கிடந்தேன். பெருநாள் முடிந்து வேலைக்கு வந்தபோது முட்டி பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பார்க்கிறவர்களிடமெல்லாம் மாத்திரை மாத்திரை என்று சொன்னேன். அவர்கள் கேமரா முன்னால் நிற்கவைத்தார்கள், அங்கேயும் சொன்னேன்.

பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வலி இல்லை. ஒரு மாதம் படுத்துக் கிடந்தவனுக்கு எதற்கு வலிக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் படத்தைச் சுவரில் ஒட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது.

3

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே தங்குவதற்கான அடையாள அட்டையை, பத்தாக்கா என்போம், புதுப்பிக்கிறபோது உடம்பைச் சோதிப்பார்கள். இந்த முறை முட்டியைப் பார்த்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். உள்ளுக்குள் அப்படி அனுப்பினால் நல்லது என்றும் இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழே காட்டட்டுமா என்று பேண்ட்டைச் சுருட்டினேன். எக்ஸ்ரே எடுத்தவன் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வெளியே வந்தபோது எனக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியவில்லை.

4

வீடியோவை யமுனாவுக்கு அனுப்பினேன். அவள் ஸ்டேட்டஸில் வைத்தாள். தினேசு அன்றே போன் செய்தான். அத்தனை வருஷத்தில் அவனாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. "அப்பா, செம்மயா கீறீங்கப்பா" என்றான். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதலில் ஊருக்குப் போகிறவர்களிடம் டப்பா கொடுத்தனுப்பினேன். பிறகு தினேசு சென்னையில் மொத்த வியாபாரியைப் பிடித்தான். கடை போட்டான். 'அப்பா நியூட்ரிஷன்ஸ்' என்று பேர் வைத்தான். வாங்குகிறவர்கள் ஜிம் பையன்கள், கபடி ஆடுகிறவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிறவர்கள், அப்புறம் தறிக்காரர்கள். எல்லாருக்கும் முட்டிதான். சேவூர்த் திருப்பத்தில் என் முகத்தைப் பெரிய பேனராக வைத்தான். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம், என் தலையைச் சுற்றி ஓர் ஒளி.

நம் பக்கத்தில் வானம், மேகம், ஒளியோடு ஒரு முகம் ரோட்டோரம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கலசப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த உங்கள் சரசு பெரியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அங்கேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். மீதியை உங்கள் அம்மா கௌரி போனில் சொன்னபடி அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா ரோட்லருந்தே கத்திகினு வருது. 'ஏமாத்திட்டுப் பூட்டியே ஏழுமல'ன்னு. நான் தறியில குந்திகினு கீறேன். முட்டி புடிச்சிகிச்சி, எழுந்துக்க முடியல. 'இன்னாக்கா ஆச்சி'ன்றேன். 'உனுக்கு இன்னும் யாரும் சொல்லலியாடி'ன்னு கழுத்தக் கட்டிகினு அழுவுது. பக்கத்து வூட்டுக்காரிங்கல்லாம் ஓடியாந்து அழ ஆரம்பிச்சிட்டாளுங்க."

"நீ இன்னா பண்ண?"

"நானும் கொஞ்சம் அழுதேன். அத்தினி பேரு அழுவும்போது நான் மட்டும் எப்பிடிச் சும்மா குந்திகினு இருக்கிறது?"

தினேசு வந்து விவரம் சொன்னதும் பெரியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாராம். "செத்தவன் மாதிரி போட்டோ போட்டிருக்கியேடா, பேஜார் புடிச்சவனே." பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழுதது அழுதுட்டேன். ரெண்டு டப்பா குடு, எனுக்கும் முட்டி வலிக்குது" என்றாராம்.

கௌரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். 'முட்டி புடிச்சிகிச்சி, எழுந்துக்க முடியல' என்று நடுவில் சொன்னாளே, அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

5

புரட்டாசியில் லீவில் வந்தேன். ஆரணி பஸ்ஸ்டாண்டில் தினேசு பைக்கோடு நின்றான். தோள் அகலமாகிவிட்டது, தாடி வைத்திருக்கிறான். என் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பின்னால் ஏற்றினான். நம் தெருமுனை வந்ததும் வண்டியை நிறுத்தினான்.

"இங்க எறங்கிக்கங்கப்பா. வூடு வரைக்கும் நடந்து வாங்க."

"ஏன்டா, பெட்ரோல் தீந்திடுச்சா?"

"நாலு பேரு பாக்கட்டும்ப்பா. நொண்டாம வாங்க. கஸ்டமருங்க கீறாங்க."

மஸ்கட்டில் ஜோசப் சொன்னதை என் மகன் வாயால் நம் தெருவில் கேட்டேன். அவர்கள் இருவருக்கும் பழக்கம்கூடக் கிடையாது.

நடந்தேன். முழுவதும் நடக்க விடவில்லை. கபடிப் பையன்கள் கோயில் பக்கம் குந்தியிருந்தார்கள்.

"டேய், மாத்திரை வந்துடுச்சிடா!"

"தலைவா, முட்டி இன்னா சொல்லுது?"

"பேனர்ல பாத்து நாங்க பூட்டீங்கன்னு நெனைச்சோம் தலைவா. நல்லாதான் கீறீங்க. எங்க, ஒரு உக்கி போடுங்க பாக்கலாம்."

தினேசு வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். "ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்கப்பா, ஜல்தி."

உட்கார்ந்துவிட்டேன். உட்காருவது சுலபம். எழும்போது விளையாட்டுக்குப் பிடிப்பது மாதிரி பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். பையன்கள் விசிலடித்தார்கள். ஒருவன் அங்கேயே தினேசிடம் ஒரு டப்பாவுக்குச் சொல்லிவைத்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் முட்டியில் பச்சைத்துணி கட்டியிருந்தான்.

வாசலுக்குக் கௌரி வரவில்லை. வருஷம் கழித்து வருகிறவனுக்கு வாசலில் ஆள் இல்லை என்று மனது சுருங்கிவிட்டது. உள்ளே போனால் தறி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க. வாசலுக்கு வர்லன்னு கோச்சிக்காதீங்க. நான் நொண்டறது தெரிஞ்சிடுமாம். உங்க புள்ள உள்ளயே இருன்னுட்டான்."

தினேசு பெட்டியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் கௌரி எழுந்தாள். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனதை நானும், நான் செம்பை வாங்க நாலடி வைத்ததை அவளும் பார்த்துக்கொண்டோம்.

"உங்களுக்கு எந்தக் காலு?" என்றாள்.

"வலது."

"எனுக்கு எடது. ஒண்ணா சேத்துத் தச்சா ஒரு நல்ல ஆளு கெடைக்கும்."

6

யமுனா, இந்தப் பகுதியில் உன்னைப் பற்றி நல்லதாக ஒன்று இருக்கிறது.

அந்த வாரம் நீதான் டப்பாவைச் சுற்றியிருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்தாய். 'இறால் ஓடு, நண்டு ஓட்டிலிருந்து எடுத்தது' என்று இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புரட்டாசி மாதம் கவிச்சி தொடாத தெரு அது. பொழுது சாய்வதற்குள் நம் தெருவில் எல்லாரும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கடையில் தினேசு உன்னைத் திட்டின திட்டு எனக்கும் கேட்டது. "படிக்கத் தெரியும்னா வாய மூடிகினு படிக்கணும்" என்றான்.

பிறகு அவனே சமாதானமாகிவிட்டான். புரட்டாசி முடிந்ததும் எல்லாரும் மறுபடி வாங்குவார்கள் என்றான். வாங்கினார்கள்.

கௌரி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். மாதக் கடைசியில், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தின்னுகினு இருந்தப்பவும் இதே வலிதான். நிறுத்திட்டு இருக்கிறப்பவும் இதே வலிதான். கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. பெருமாளே காட்டிக் குடுத்துட்டாரு."

தினேசு தட்டிலிருந்து நிமிரவில்லை. "இத வெளிய சொல்லாதம்மா."

டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆரணியில் வேண்டாம், நம் கஸ்டமரில் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று தினேசு வேலூருக்குக் கூட்டிப்போனான். தெருவில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னோம். கௌரி பூவெல்லாம் வைத்துக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மா பொறுமையானவர். டப்பாவை வாங்கிப் பார்த்தார். "ஓடறவங்க, ஆடறவங்க நெறைய பேர் சாப்பிடறாங்க. செலருக்குக் கொஞ்சம் கேக்குது, பலபேருக்குக் கேக்கறதில்ல. தேஞ்சது திரும்ப வளரும்னு மட்டும் நம்பாதீங்க. இறால் ஒத்துக்காதவங்க, சக்கரை இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, டாக்டரைக் கேக்காம இதைத் தொடக்கூடாது" என்றார். கடையில் அதையெல்லாம் கேட்டுத்தான் விற்கிறாயா என்று தினேசைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கௌரியிடம், "கொஞ்ச மாசம் தறியில உக்காரக்கூடாதும்மா. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன். வாராவாரம் வாங்க. இப்ப விட்டா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் தினேசு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் திரும்பினான்.

"தீவாளி முடியட்டும்மா. இப்ப நீ தறிய விட்டு எறங்கினா தெருவே ஏன்னு கேக்கும். கடைய மூடிட வேண்டிதுதான்."

"சரிடா" என்றாள் கௌரி.

"அம்மா காலு பூடும்டா" என்றேன் நான்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகத்தான் பேசினான். "நீங்க எங்களுக்கு இன்னா குடுத்தீங்க சொல்லுங்க. போன்ல மூஞ்சியக் காட்டினீங்க. பொறந்தநாளுக்கு மூஞ்சி, பொங்கலுக்கு மூஞ்சி. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதத்தான் போர்டுல மாட்டிகினு பொழைக்கிறேன். அதயும் கழட்டச் சொல்றீங்களா?"

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கௌரி என் முட்டிமேல் கை வைத்தாள். அப்போதுதான் என் கால் மிதித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை, கால் நிற்கும் வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்தாள்.

7

தீபாவளி முடிந்தது. பொங்கலும் முடிந்தது. வேலூருக்குப் போனீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "அம்மாதான் வேணாம்னுச்சிப்பா" என்கிறாய் யமுனா. அம்மாவிடம் கேட்டால், "பாவு முடியட்டுங்க, கல்யாண ஆர்டர் நிக்குது" என்கிறாள். அவள் வேண்டாம் என்று சொன்னதை நம்புகிறேன். அவள் எதைத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்?

நேற்று வீடியோ வந்தது. கடைக்குப் புது விளம்பரம். 'அப்பாவுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும்' என்று ஆரம்பிக்கிறது. கௌரி அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள். தறியிலிருந்து எழுகிறாள். எழுவதற்கு முந்தின பகுதியை வெட்டியிருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். தெருவில் இறங்கி நடக்கிறாள். கோயில் வரை போய்த் திரும்பி நம் வாசலுக்கு வருகிறாள். நொண்டவில்லை. சின்னப் பெண் மாதிரி நடக்கிறாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே 'சூப்பர் ஆன்ட்டி' என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். 'அப்பா, லைக் போட்டு ஷேர் பண்ணுங்க' என்று தினேசு அனுப்பியிருக்கிறான்.

இன்று காலை மாடிப்படியில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்தவன்தான் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நொண்டினேன். சொல்லி முடித்த பிறகு ஜோசப் என் போனை வாங்கிப் பார்த்தார். "உன் வைஃபா? நல்லா நடக்கிறாங்களே! ஓனர்கிட்டக் கேட்டு இங்கயும் போட்டுடலாம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல" என்றார்.

பதினைந்து வருஷமாக நானும் உங்கள் அம்மாவும் ஒரே சுவரில் இருக்க ஒரு வழி பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியவில்லை.

லைக் போட்டுவிட்டேன். மகன் கேட்டுப் போடாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். யமுனா, நீதான் எடுத்திருக்கிறாய், கை ஆடாமல் நன்றாக எடுத்திருக்கிறாய். ஆனால் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டாய். கடைசியில் அம்மா வாசற்படி ஏறி உள்ளே போன பிறகு போனை உடனே நிறுத்தவில்லை. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் அவள் கை மட்டும் தெரிகிறது. நிலைக்கட்டையைத் தேடுகிறது. கிடைத்ததும் அதைப் பிடித்துத் தொங்குகிறது. வளையல் சத்தம்கூடக் கேட்கிறது.

போட்டதை எடுத்துவிட்டு, அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி மறுபடி போடுங்கள். யாராவது கவனித்தால் கடைக்கு நல்லதில்லை, அம்மாவும் வருத்தப்படுவாள்.

வெட்டினதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினேசு, நீ கடையை மூடி வந்ததும் அதைத் தனியாகப் போட்டுப் பார். சத்தத்தோடு பார். பார்த்துவிட்டு, வேலூருக்கு எப்போது பஸ் என்று எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு.